சின்னவளோட சாட்சி

இல்லைங்க ஐயா, அவ வர்றதுக்கு இன்னும் அரைமணி ஆகும். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கங்க, அங்கதான் கொஞ்சம் காத்து வரும். நீங்க சபைக்குப் போதகரா வந்து ரெண்டு மாசம்தானே ஆச்சு, அதான் யார் யாருக்கு என்ன உறவுன்னு இன்னும் பிடிபடல. அவ என் தங்கச்சி இல்ல, ஓரகத்தி. அண்ணனைக் கட்டினது நான், தம்பியைக் கட்டினது அவ. நாங்க ஒரே வீடு, வேலையும் ஒரே இடம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரி. நான் மெஷின்ல போடுவேன், சின்னவ இஸ்திரி போட்டு மடிப்பா.

ஞாயித்துக்கிழமை, ஆண்டவர் தனக்குச் செஞ்சதைச் சபை முன்னால சாட்சியா சொல்ல அவளைக் கூப்பிட வந்திருக்கீங்க. கூப்பிடுங்க, எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவாங்க. நான் பொறந்ததுல இருந்து இதே சபை. பன்னெண்டு வயசுல பாட்டுக்குழுவுல சேந்தேன், இன்னிக்கு வரைக்கும் முன் வரிசையில நிக்கிறேன். என்னை ஒருத்தர் கேட்டதில்ல. கேட்டாலும் என்னத்தைச் சொல்ல? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, ரெண்டு பிள்ளைங்களும் வேலைக்குப் போவுதுங்க. ஒரு அடிகூட வாங்காதவளுக்கு ஏதுங்க சாட்சி. நீங்க சிரிக்கிறீங்க. நான் சிரிப்புக்குச் சொல்லல.

அவ கதையைச் சபையில சொல்லியிருப்பாங்களே. என் கொழுந்தன் கட்டட வேலை பாத்தாரு. மூணாவது மாடியில சாரம் சரிஞ்சு கீழ விழுந்தாரு. ஆபரேஷன் நடக்குது, நாங்க ரெண்டு பேரும் வெளிய பெஞ்சுல. சின்னவ தரையில முட்டி போட்டா. ஆண்டவரே, அவரை உங்க கையில குடுத்துட்டேன்னு சொன்னா. அவ்வளவுதான், ரெண்டு நிமிஷம் கூட இல்ல. எந்திரிச்சா, பெஞ்சுல சாஞ்சா, தூங்கிட்டா. பட்டப்பகல்ல, வாயைத் திறந்துக்கிட்டு, பச்சைக் குழந்தை மாதிரி. நான் பக்கத்துல உக்காந்து நகத்தைக் கடிச்சுத் துப்பிக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல் இருக்கே, ஐயா. அவ புருஷன் உள்ள உயிருக்குப் போராடுறாரு, எனக்கு அவ தூங்குற தூக்கத்து மேல கண்ணு.

இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே வரல அவருக்கு. ஏழு மாசம் படுக்கையில கிடந்து போய்ட்டாரு. துக்கம் கேக்க வந்தவங்களுக்கு இவ ஆறுதல் சொல்லி அனுப்புறா. அதுக்கு மறுவருஷம் இஸ்திரி ரோலர்ல கை சிக்கி ரெண்டு விரல் போச்சு. நான் அலறிக்கிட்டு ஓடினா, அழாதக்கா, எட்டு விரலை விட்டுவச்சிருக்காருன்னு சொல்றா. கட்டுப் போட்ட நர்சம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்குப் பல்லைக் கடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

நானும் செஞ்சு பாத்தேன், செய்யாம இல்ல. அறையைச் சாத்திக்கிட்டு, அவ மாதிரியே முட்டி போட்டு, அவ சொன்ன வார்த்தையையே சொல்லிப் பாத்தேன். பூட்டின வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அந்த ஆத்திரத்துல ஒண்ணு கேட்டேன். ஒரே ஒரு தடவை அவ உடைஞ்சு போறதை நான் பாக்கணும் ஆண்டவரேன்னு. என் ஆயுசுல கண்ணீர் விட்டுப் பண்ணின ஜெபம் அது ஒண்ணுதான்.

உடைஞ்சாளான்னா, உடைஞ்சா. மூணு மாசம் ஆச்சு. எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஒரு பழைய போனுக்கு.

படுக்கையில இருந்தப்ப கொழுந்தன் அவளுக்குக் குரல்ல சேதி அனுப்புவாரு. பெருசா ஒண்ணும் இருக்காது. மழை வர்ற மாதிரி இருக்கு, மெதுவா வா, ஓடி வராத. அந்த மாதிரி பன்னெண்டு சேதி. தினமும் சாப்பாட்டு நேரத்துல மூலையில உக்காந்து காதுல வச்சுக் கேப்பா. கேட்டுட்டுக் கண்ணை மூடி, உதடு அசையாம ஜெபம் பண்ணுவா. முகம் அப்படியே தெளிஞ்சிடும். என் வீட்டுக்காரரு இருபத்தாறு வருஷத்துல எனக்குப் போன் போட்டதெல்லாம் சாவி எங்கன்னு கேக்கத்தான். செத்துப்போன மனுஷன் அவகிட்டப் பேசுறாரு, கண்ணுக்குத் தெரியாத ஆண்டவரும் பேசுறாரு. உயிரோட இருக்கிற எனக்கு ஒருத்தரும் இல்ல.

அந்தப் போன் அவ ஏப்ரனோட மெஷினுக்குள்ள போயிடுச்சு. முக்கா மணி நேரம் கொதிதண்ணி. ரிப்பேர்க்காரரு ஒண்ணும் மிஞ்சலன்னு கையை விரிச்சுட்டாரு. அவ அழல. அன்னிக்கு என்கிட்ட மட்டும் சொன்னா, அக்கா எனக்கு ஜெபம் வரல, யார்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்னே தெரியலன்னு. புருஷன் போனதைத் தாங்கினவ, விரல் போனதைத் தாங்கினவ. இப்பச் சபையில பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறா, பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியும்.

நான் கேட்டது கிடைச்சிடுச்சு. சந்தோஷமா இருக்கணுமே? மறுவாரத்துல இருந்து காலையில அஞ்சரைக்கு அவ அறைக்குப் போறேன். அவ கட்டில் ஓரத்துல சும்மா உக்காந்திருப்பா, நான் முட்டி போட்டு அவளுக்காகக் கேப்பேன். வார்த்தை திக்கும், பாதியில நின்னுபோவும். ஆனா ஐயா, யாரோ காது குடுத்துக் கேக்குறாங்க. சத்தியமா. எனக்குன்னு கேட்டப்ப இல்லாதவரு இப்ப இருக்காரு. அவரு இல்லாம இனி ஒருநாள் தள்ள முடியாது என்னால. இதுலயும் என் புத்தியைப் பாருங்க, அவளுக்கு நம்பிக்கை திரும்பி வந்துட்டா எனக்குக் கிடைச்சது போயிடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம்.

அதனால சாட்சின்னு இப்ப அவகிட்டக் கேக்காதீங்க.

என்னங்க? பாக்கெட்டைப் பாக்காமலா மெஷின்ல போடுவாங்கன்னா? பாக்கணும். ஊசி இருக்கும், கத்திரி இருக்கும், தடவிப் பாக்காம ஒரு துணி உள்ள போகக்கூடாது. அது என் வேலைதான். தடவினேன். கெட்டியா, நீளமா கையில பட்டுச்சு. என்னன்னு தெரிஞ்சுதான் கதவைச் சாத்தி பட்டனை அமுக்கினேன்.

அவளுக்குத் தெரியாது. நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோக்கான்னு நேத்துகூட என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. அதுக்கு மேல என்னால முடியல.

எந்திரிக்காதீங்க ஐயா. படி ஏறி வர்றது அவதான். நான் அவகிட்ட இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இங்கயே இருங்க. அப்புறம் அவளுக்காக ஜெபம் பண்ண ஒரு ஆள் வேணும். அவ இனி என்னை அந்த அறைக்குள்ள விடமாட்டா.