நீலத் தார்ப்பாய்

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என்னிடமுள்ள மிக மெல்லிய தூரிகையின் மீது சத்தியம் செய்து சொல்கிறேன். அதைவிடப் புனிதமான பொருள் என் வீட்டில் இல்லை. புத்தர் மாடம் ஒன்று உண்டு. அதில் இப்போது வண்ணப் புட்டிகள் இருக்கின்றன.

காவல் ஆய்வாளர் ஒகினோ அவர்களே, முதலில் கூரைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கூரை என்றதும் பெரும்பாலானவர்கள் ஒரே பழுப்பைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கடற்கரை ஓட்டுக்கு அது சரிப்படாது. தெற்குச் சரிவு வெளுத்திருக்கும். வடக்குச் சரிவில் பாசி படர்ந்திருக்கும். முகட்டில் காக்கை வழக்கமாக உட்காரும் இடம் தனியாகத் தெரியும். இதையெல்லாம் பூசத் தெரியாதவன் கூரையைத் தொடக் கூடாது.

ரயில் மாதிரிகள் செய்யும் எங்கள் சங்கம் ரயிலடித் தெரு முழுவதையும் நூற்றைம்பதில் ஒரு பங்காகச் செய்துவைத்திருக்கிறது. தண்டவாளமும் கடைகளும் மற்றவர்கள் பொறுப்பு. கூரைகள் என் பொறுப்பு. எந்தப் புகைப்படத்தைக் காட்டினாலும் இது இன்னார் கூரை என்று சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்தால் எனக்குப் பெயர் நினைவுக்கு வராது. கூரையைப் பார்த்தால் வந்துவிடும். என் சொந்தக் கூரையை மட்டும் கடைசியில் மிச்சமிருந்த வண்ணத்தில் ஒப்பேற்றினேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

போன இலையுதிர்காலப் புயலின்போது நான் ஹிரோஷிமாவில் ஒரு கண்காட்சியில் இருந்தேன். ஊர் திரும்பியதும் நிலையத்து நடைமேம்பாலத்தில் நின்று தெருவைப் படமெடுத்தேன். ஒரே ஒரு கூரையில் ஓடுகள் பெயர்ந்திருந்தன. மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். அப்படியே சங்க அறைக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பக்கத்து வீட்டு மிசாவோ சானின் கூரை. அவர் வீடும் என் வீடும் ஒரே தச்சர் ஒரே அச்சில் கட்டியவை. வேறொருவராக இருந்தால் குழம்பியிருப்பார்.

வேலையில் இறங்கியதால் வீட்டுக்குப் போக ஒரு வாரம் ஆனது. போனபோது என் மெத்தை நல்ல வெயில் வாசனை அடித்தது. நீராவி என்ஜின் படம் போட்ட உறை அதற்கு. நான் சொல்லித் தைத்தது, ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மெல்லிய காகிதத்தில் பசை தடவித் தார்ப்பாய் செய்தேன். மணல் மூட்டைகளுக்குக் குருணை அரிசி. குளிர்காலம் முழுக்க அந்த ஒரு கூரைக்கே போனது. சங்கம் அதைப் போட்டிக்கு அனுப்ப முடிவு செய்தது. நடுவர்கள் நேரில் வந்து, மேம்பாலத்தில் நின்று, மாதிரியையும் தெருவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வசந்தத்தில் நானும் ஒருமுறை சரிபார்க்கப் போனேன். மிசாவோ சானின் கூரையில் ஓர் ஓடுகூடக் குறையவில்லை.

இரண்டு வழிகள் இருந்தன. மாதிரியைத் திருத்தலாம், அல்லது வீட்டைத் திருத்தலாம். மாதிரியில் பசை காய்ந்துவிட்டிருந்தது.

நான் அநாகரிகமானவன் அல்ல. முதலில் கேட்டுப் பார்த்தேன். மிசாவோ சான் வீட்டின் முன்கட்டில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை நடத்துகிறார்.

"உங்க கூரையை ஏங்க சரி பண்ணினீங்க?"

"என் கூரைக்கு என்ன கேடு? அது எப்பங்க உடைஞ்சுது?" கத்தரிக்கோலோடு திரும்பினார். "பக்கத்து வீட்டுக்கு நான் மாரடிச்சதே போதும். உக்காருங்க குருமதானி சான், உங்க தலைதான் காக்கா கூடு மாதிரி இருக்கு. அதை முதல்ல சரி பண்ணுவோம்."

முடி வெட்டுகிறவர்கள் எதையும் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள். உடைந்த கூரையை உடையவே இல்லை என்று ஒரு பெண்மணி சாதிக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. முடி வெட்டிக்கொண்டு வந்தேன்.

கடைக்கு விடுமுறை வந்தது. அவர் தோழிகளோடு வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பினார். நான் ஏணி வைத்து ஏறி, புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து ஓடுகளைப் பெயர்த்தேன். தார்ப்பாயை விரித்தேன். ஒரு மூட்டை மட்டும் சரியான கோணத்தில் உட்கார மறுத்தது. குருணையில் அது சுலபமாக இருந்தது.

மாலையில் வந்து அண்ணாந்து பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அடக் கடவுளே! இது எப்படீங்க?"

"காத்து" என்றேன். பொய்யல்ல, அன்று காற்றும் அடித்தது.

"நீங்க பாத்து மூடியிருக்கலைன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!" என்று கானாங்கெளுத்திக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

ஓடு மாற்ற ஃபுகுமா வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"அந்தம்மா வீட்டையே இடிக்கப்போறாங்கப்பா."

"எங்கிட்ட போன்ல ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லக் கூச்சம். நீயும் கேட்டு நோகடிக்காதே."

அவன் தொப்பியைக் கழற்றி வீட்டுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். மழைக்காலம் தொடங்கியது. சுருள்முடி போட வந்த பெண்கள் கடைக்குள்ளேயே குடை பிடித்து உட்கார்ந்தார்கள். பிறகு அவர்களும் வருவதை நிறுத்தினார்கள். சுவரில் பூஞ்சணம் ஏறியது. மிசாவோ சானின் இருமல் என் வீடு வரை கேட்டது. நான் ஒரு குடையை இரவல் கொடுத்தேன், திருப்பிக்கூடக் கேட்கவில்லை.

நடுவர்கள் வரும் நாளில் அவர் ஏணி வைத்துக் கூரையில் ஏறிவிட்டார், கையில் ஓடுகளோடு. "ஃபுகுமா வந்த பாடில்லை. நானே மாட்டிக்கிறேன்!" என்று மேலிருந்து கத்தினார்.

என் மாதிரியில் ஏணி கிடையாது. ஆகவே ஏணியை எடுத்துக் கொல்லையில் படுக்கவைத்தேன்.

மேம்பாலத்தில் மூத்த நடுவர் தெரமோத்தோ பைனாகுலரை இறக்கினார். "கூரை மேல ஒரு அம்மா கையை ஆட்டுறாங்களே, ஏன்?"

"உங்களை வரவேற்கிறாங்க."

"என்னமோ கத்துறாங்களே."

"எங்க ஊர்ல சத்தமாத்தான் வரவேற்போம்."

"சரி. ஆனா மாதிரியில அவங்க இல்லையே?"

ஒரு குளிர்காலத்து உழைப்பு அந்தக் கேள்வியில் தொங்கியது. என் பெட்டியில் எப்போதும் சில குட்டி மனிதர்கள் இருப்பார்கள். நடைமேடையில் நின்று வழியனுப்பும் பெண் ஒருத்தி கிடைத்தாள்; இரண்டு கைகளும் உயர்ந்திருந்தன. மிசாவோ சானுடையதைப் போலவே மேலங்கிக்குக் கடுகு மஞ்சள் தீற்றி, இடுக்கியால் எடுத்துக் கூரையில் ஒட்டினேன். தெரமோத்தோ நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். "உயிரோட இருக்கு" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. பசை காயும் வரையாவது மிசாவோ சான் அசையாமல் இருக்க வேண்டுமே என்று மனதார வேண்டிக்கொண்டேன். பரிசை என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் தார்ப்பாயில் காலை வைத்து, துவாரத்தின் வழியாகச் சொந்தக் கடைக்குள் விழுந்தார். இரண்டு கால்களும் முறிந்தன. தார்ப்பாயும் அவரோடு உள்ளே போய்விட்டது. மாதிரியைப் பொறுத்தவரை அதுதான் பெரிய சேதம்.

ஆம், ஓடுகளைப் பெயர்த்தது நான்தான். ஃபுகுமாவைத் திருப்பி அனுப்பியது நான்தான். ஏணியை எடுத்ததும் நான்தான். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மருத்துவமனைக்கு மாண்டரின் பழங்கள்கூட அனுப்பினேன். உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இருந்ததில்லை.

அந்தப் புகைப்படத்தை லென்ஸ் வைத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். இந்த வாக்குமூலத்தில் மாற்ற எதுவும் இல்லை. சேர்க்க ஒன்று இருக்கிறது: தார்ப்பாய் போர்த்திய வீட்டின் கொடிக் கம்பியில் காய்ந்துகொண்டிருப்பது என் மெத்தை.