ஏழாம் லோரோங் பச்சைதான்

பொது உரைக்கு ஆள் வரவேண்டுமென்றால் கறிபாப் பலகாரம் சூடாக இருக்க வேண்டும். பதினோரு வருடம் இந்த வேலையைப் பார்த்தவன் சொல்கிறேன், மேடம். செனாயில் இருக்கும் எங்கள் கணிப்பு அறிவியல் ஆய்வுக் கழகத்தில் முனைவர்கள் இருபது பேர் உண்டு. சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரிப் பேச ஒருவருக்கும் வராது. அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை உரையும், ஊர் ஊராகப் போய் நடத்தும் பட்டறைகளும் என் பொறுப்பாயின. நில அளவை உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். பட்டம் கிடையாது. ஆனால் கிரகோரி பேசினால் மண்டபம் நிறையும் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

என் உரைகளுக்கெல்லாம் அடிப்படை ஒரு வெள்ள வரைபடம். ஆறு எவ்வளவு உயர்ந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று கணினியில் கணக்கிட்டு, மூழ்குகிற இடத்துக்குச் சிவப்பும் தப்புகிற இடத்துக்குப் பச்சையும் கொடுத்திருந்தேன். கழகத்தில் என் பெயரோடு அச்சான ஒரே வேலை அது.

யோங் பெங் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், ஏழாம் லோரோங் என்ற சந்தில் இருந்து வெள்ளையம்மா வருவார். தொழிற்சாலை கேண்டீனில் வேலை. கணவர் லெட்சுமணன் பக்கவாதத்தில் படுத்துவிட்டவர். அவரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன நவம்பரில் ஷர்மினி என் மேசைக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர், நல்ல பெண். மடிக்கணினியைத் திறந்து அந்தத் தாமானைக் காட்டினாள்.

"அண்ணே, தெற்குப் பக்கம் ரோட்ட ஆறடி ஏத்திட்டாங்க. உங்க படத்துல அது இல்ல. தண்ணி வடியாது, உள்ளேயே நிக்கும். அஞ்சாம் லோரோங்லேர்ந்து எட்டு வரைக்கும் முழுக்க சிவப்பு."

மூன்று நாள் உட்கார்ந்து அவள் கணக்கைச் சரிபார்த்தேன். பிழையே இல்லை.

"டிசம்பர் சனிக்கிழமைய எனக்குக் குடுங்கண்ணே. அந்த ஆளுங்கள வரச்சொல்லி நானே சொல்லிடறேன்" என்றாள்.

கொடுத்தேன். பிறகு, பள்ளி விடுமுறை, ஆள் வராது என்று ஜனவரிக்கு மாற்றினேன். ஜனவரியில் மண்டபத்தில் குளிர்சாதன வேலை என்றேன். கடைசியில் ஏப்ரல் என்று முடிவானது. மழைக்காலம் அதற்குள் முடிந்துவிடும். அறிக்கையையாவது மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அது இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பயத்தைக் கிளப்புவது சுலபம், மேடம். அறிவியலின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வர எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். ஒரே சனிக்கிழமையில் அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரியில் அந்தத் தாமானின் சமூக மண்டபத்திலேயே ஒரு பட்டறை நடத்தினேன். ஆளுக்கொரு வெற்று வரைபடம், ஒரு பெட்டி வண்ணப் பென்சில். சுவரில் என் பழைய படத்தையே காட்டி, அதைப் பார்த்து அவரவர் வீட்டுக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். வெள்ளையம்மா ஏழாம் லோரோங்கைக் கோடு தாண்டாமல் பச்சையாக்கினார். பிறகு எழுந்து கேட்டார்:

"சார், ரோட்ட ஒசத்திட்டாங்களே, அதனால எங்களுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பாத்துடும்மா. நீங்க கவலப்படாதீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் படத்தை வீட்டில் மாட்டப்போவதாகச் சொன்னார்.

மார்ச்சில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு அவர் போன் செய்தார். பின்னால் லோரி இன்ஜின் சத்தம் கேட்டது.

"சார், தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சு. கோயில் ஆளுங்க லோரி கொண்டு வந்திருக்காங்க, ஏறுங்கன்றாங்க. இவர மெத்தையோட தூக்கணும், வலியில அழறாரு. எங்க லோரோங் பச்சதானே? சொல்லுங்க சார், இருக்கவா, போவவா?"

என் மேசையில் ஷர்மினியின் கணக்கு திறந்திருந்தது. அன்றைய மழையளவை அப்போதுதான் அதில் போட்டுப் பார்த்திருந்தேன். ஏழாம் லோரோங்கில் மதியத்துக்குள் எட்டடி. ஒற்றை மாடி வீடுகள்.

போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் போயிருந்தால் அடுத்த சனிக்கிழமை முதல் வரிசையிலிருந்து எழுந்து, எல்லாருக்கும் முன்னால், ஏன் சார் பச்சை என்று சொன்னீங்க என்று கேட்டிருப்பார். அவர் கேட்கக்கூடியவர்தான்.

"பச்சைதான்மா. அவரப் போட்டு அலைக்கழிக்காதீங்க. வீட்லயே இருங்க" என்றேன்.

"ரொம்ப நன்றி சார்" என்றார். போனை வைக்குமுன் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தது கேட்டது. "நாங்க வரல லா, நீங்க போங்க. சார் பச்சன்னு சொல்லிட்டாரு."

அதைக் கேட்டு இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் ஏறாமல் நின்றுவிட்டார்கள். மொத்தம் பதினான்கு பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் குழந்தைகள். லோரியில் போனவர்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பேப்பரில் இயற்கைப் பேரிடர் என்று போட்டார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன், ஷர்மினி போலீசுக்கு, உங்களிடம் வந்திருக்காவிட்டால்.

தெரிந்தே சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் சாவார்கள் என்று தெரிந்தே சொன்னேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும், மேடம். அந்த ஆறு வீட்டுக்காரர்களோடு நான் பேசவே இல்லை. அவர்களை நிறுத்தியது வெள்ளையம்மா. அந்தப் பன்னிரண்டு பேரையும் என் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.