ஒருத்தரும் கேமராவைப் பார்க்காத ஒரு நிமிஷம்

"...கேமராவப் பாக்காதீங்கன்னுதான்டி சொன்னேன். மார்க்கெட்டே திரும்பி நின்னு முதுகக் காட்டுது!"

நெல்லித்தோப்பு வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சினிமா படிப்பில் முதல் வருஷம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"சார் என்ன சொன்னாரு?"

"'ஒரு நிமிஷம், ஒரே ஷாட், யாரும் கேமராவப் பாக்கக் கூடாதுன்னேன், முதுக யாரு எடுக்கச் சொன்னா'ங்கறாரு. இன்னிக்கு மதியத்துக்குள்ள வேற குடுக்கலன்னா முட்டதான்."

"இங்கியே எடேன்."

அவள் திரும்பிப் போனைத் தூக்கியதுதான் தாமதம், பின்னால் இருந்தவர் சட்டைக் காலரைச் சரி செய்தார். ஒரு அம்மா பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்டக்டர் சிரித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"நம்ம ஜனத்துக்குச் சும்மா இருக்கவே வராதுடி. போஸ் குடுக்கத்தான் வரும்."

அடுத்த நிறுத்தத்தில் கனமான மீன்கூடையோடு ஒரு பெரியம்மா ஏறினார். உட்கார இடமில்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும், என்னையும் சேர்த்து, திடீரென்று ஜன்னலுக்கு வெளியே வேலை வந்துவிட்டது. காலர்க்காரர் கண்ணை மூடித் தூங்கவே ஆரம்பித்துவிட்டார்.

"அடியே, ஒருத்தரும் பாக்கலடி!" என்று கிசுகிசுத்து அவள் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாள்.

பெரியம்மா நேராக அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கால் கடுக்குது கண்ணு. செத்த எடம் குடேன்."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அது துளியும் ஆடாமல், நிறைகுடம் சுமப்பவளைப் போல மெல்ல எழுந்து இடம் விட்டாள்.