மூன்றாவது மணல் மூட்டை

வாக்குமூலம் அளிப்பவர்: பள்ளிப் பட்டறை ஆசிரியை, வயது 43. வசிப்பிடம்: பள்ளிக்குப் பின்தெரு, மாடி வீடு.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் மகனுடனும் குடியிருந்து வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை பொறியியலைச் செய்முறையாகக் கற்றுக்கொடுக்கிறேன். கரும்பலகையை அதிகம் தொடமாட்டேன். பிள்ளைகள் நாற்காலி, பாலம், தண்ணீர் இறைக்கும் கருவி என்று எதையாவது செய்வார்கள். செய்த குழு அதைச் சோதிக்கக் கூடாது. அடுத்த குழு மணல் மூட்டை ஏற்றி, உடைகிற வரை சோதிக்க வேண்டும். இதுதான் என் வகுப்பின் சட்டம். இதனால் அழுத பிள்ளைகளும் உண்டு, என்னைத் திட்டிய பெற்றோரும் உண்டு.

இந்தப் புகாரில் சொல்லப்படும் மாணவி பதினோராம் வகுப்பு. வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் மற்றவர்கள் கேலியாக வாயாடி என்று கூப்பிடுவார்கள். சென்ற மாதம் அவளுடைய குழு, புதுக் கட்டடத்தின் மாடிக்குச் சாமான் ஏற்ற ஒரு கப்பி செய்தது. அதை எங்கே மாட்டலாம் என்று அளவெடுத்தபோது, மாடி நடையின் கைப்பிடிக் கம்பி ஆடுவதை அவள் பார்த்து என்னிடம் சொன்னாள். நானும் போய் அசைத்துப் பார்த்தேன், ஆடியது. அதன் பிறகு தலைமையாசிரியரிடம் சொன்னேன். "இப்பதான் திறந்து வச்சிருக்காங்க டீச்சர். ஆரம்பத்துலயே குத்தம் சொல்லாதீங்க" என்றார். அதன் பிறகு கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தேன். "பிள்ளைங்க சாயுறதுக்கா கம்பி வைக்கிறோம்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு விடுமுறை நாளான நேற்று முன்தினம், கப்பி வேலைக்காக அந்தக் குழுவை வரச் சொல்லியிருந்தேன். நான் பட்டறையில் இருந்தேன். அவர்கள் என்னிடம் சொல்லாமல், முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் உள்ள இரும்புக் கம்பத்தில் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு நுனியைக் கைப்பிடியிலும் மறு நுனியை மணல் மூட்டையிலும் கட்டியிருக்கிறார்கள். கீழே யாரும் வராதபடி சுற்றிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். மாடி நடையிலும் யாரையும் நிற்கவிடவில்லை. அதன் பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது மூட்டைக்குக் கம்பி மொத்தமாகப் பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடினேன். யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும் வாயாடியைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கம்பியின் அடித்தகட்டைத் திருப்பிக் காட்டினாள். நான்கு துளைகளில் இரண்டில்தான் போல்ட் இருந்தது. அந்த இரண்டும் கான்கிரீட்டுக்குள் போகவில்லை, மேல்பூச்சோடு கையில் வந்தன. மற்ற இரண்டு துளைகளை மக்குப் பசை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூன்று மூட்டையும் சேர்ந்து ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் எடைதான் இருக்கும்.

அதன் பிறகு ஒப்பந்தக்காரர், பிள்ளைகள் வேண்டுமென்றே சேதப்படுத்தியதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். நேற்று மாலை தலைமையாசிரியர் அறையில் ஒப்பந்தக்காரரும், வாயாடியும், தையல் வேலை செய்யும் அவள் அம்மாவும், நானும் இருந்தோம். பிள்ளைகள் கம்பியில் தொங்கி விளையாடியதில் உடைந்தது என்று எல்லாரும் சொல்லிவிட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், உடைந்த கம்பியைத் தன் செலவில் மாட்டித் தருவதாகவும் ஒப்பந்தக்காரர் சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விளையாட்டுன்னே சொல்லிடுங்க டீச்சர். கேஸுன்னு வந்துட்டா இவ படிப்பு என்னாகுறது?" என்றார். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது வாயாடி, "விளையாட்டுன்னு சொன்னா மிச்ச கம்பியை யாரும் பாக்க மாட்டாங்களே மிஸ்" என்றாள்.

ஒப்பந்தக்காரர் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு, "என் சின்னவனும் அந்த மாடியிலதான் படிக்கிறான். நடந்ததையே சொல்லுங்க டீச்சர்" என்றார்.

ஆகையால் சொல்கிறேன். அவர்கள் விளையாடவில்லை. வேண்டுமென்றேதான் சோதித்தார்கள். கயிறு கட்டியது அவர்கள். அப்படிச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தது நான். வழக்கு என்று போட்டால் முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும். மாடியில் மற்ற மூன்று பக்கத்துக் கம்பிகளும் அதே ஆட்கள் மாட்டியவை. நாளைக் காலை பள்ளி திறக்கிறது. அதற்குள் மாடிப்படியைப் பூட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டியபோது, எழுதிய காவலர், "வேண்டுமென்றேங்கற வார்த்தையை எடுத்துடலாமா டீச்சர்? பொண்ணுக்கு அதுதான் சிக்கல்" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோய் அவளையே கேட்டேன். இருக்கட்டும் என்று தலையசைத்தாள்.

அந்தச் சொல் உட்பட இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)
பட்டறை ஆசிரியை