திரௌபதி பின்னிய சடை

ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அத்தனை குலுக்கலிலும் வகிடு கோணவில்லை.

"பழகின கையா இருக்கே!" என்றாள் பக்கத்திலிருந்த பூக்கார அம்மாள்.

"பத்து வருஷம் நான் திரௌபதிங்க. நாடகக் கம்பெனில ஸ்திரீபார்ட்."

"அங்க கத்துக்கிட்டதா?"

"எங்கங்க! சபதம் போட்டவ தலைய முடியவே மாட்டாளே. விரிச்சுப் போட்டே காலம் போச்சு. இது இவளுக்காகக் கத்துக்கிட்டது. சம்சாரம் நர்ஸு, விடிஞ்சதுமே டியூட்டி."

"கம்பெனில மறுபடி கூப்பிடலியா?"

"கூப்பிட்டாங்க. நான் ஊர் ஊராப் போயிட்டா இவளுக்கு யாரு பின்றது?"

"பேச்ச நிறுத்திட்டு இந்தப் பக்கமும் பின்னுங்கப்பா, ஸ்கூல் வந்துருச்சு!" என்றாள் மகள்.

சபையையே அதட்டிய திரௌபதி வாயை மூடிக்கொண்டு ரிப்பனை எடுத்தார்.