அவர் சொல்லி அது உக்காரணும்

ஐயோ, இந்த நாய்க்குட்டி என் பேச்சைக் கேக்கலைன்னு யாரு சொன்னா? என் பேச்சை நல்லாவே கேக்குறான் தம்பி. அதுதான் இப்பத் தலைவலியே.

பாருங்க, உக்காருடான்னேன், உக்காந்துட்டான். நான் சொல்லாம தட்டுல வாய் வைக்க மாட்டான். கட்டில்ல ஏற மாட்டான். கேட்டைத் தொறந்தா முதல்ல நான் போகணும், அப்புறம்தான் அவன். எல்லாரும் நாய்க்குட்டி அடங்க மாட்டேங்குது, பழக்கிக் குடுங்கன்னு உங்களைக் கூப்பிடுவாங்க. நான் எனக்கு அடங்கினதை எங்க வீட்டுக்காரருக்கு அடங்க வச்சுக் குடுங்கன்னு கூப்பிட்டிருக்கேன்.

சிரிக்காதீங்க. அதோ, ஜன்னலோரமா முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காரே, அவருதான். மெதுவாப் பேசுங்க, அவருக்குப் பாம்புக் காது.

லேத் பட்டறையில ஃபோர்மேனா இருந்தவரு. ஒரு அதட்டு போட்டா, அத்தனை மிஷின் சத்தத்துலயும் அந்தக் கோடியில இருக்கிறவன் நிமிர்ந்து பாப்பானாம். வீட்லயும் அவரு வச்சதுதான் சட்டம். செருப்பை இங்கதான் விடணும், லைட்டை அணைச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். எனக்கே எத்தனை தடவை எரிச்சல் வந்திருக்கு தெரியுமா? போன மழைக்காலத்துல பக்கவாதம் வந்துச்சு. காலு ஓரளவு தேறிடுச்சு, நாக்குதான் திரும்பல. இப்ப அவரு ஒரு வார்த்தையை முடிக்கிறதுக்குள்ள மகன் முடிச்சு வச்சிடுறான். மருமக தலையை ஆட்டிட்டு வேலையைப் பாக்கப் போயிடுறா. பொண்ணு போன் பண்ணினா, அம்மாகிட்ட குடுங்கப்பாங்கிறா. அவரு சொல்லி வீட்ல ஒரு துரும்பு அசையல. வயிறு எரிஞ்சுபோய்த்தான் இந்தக் குட்டியை வாங்கிட்டு வரச் சொன்னேன். இதுவாவது கேக்கட்டுமேன்னு.

எங்க கேக்குது! உக்காருங்கிறது அவரு வாயில ஊக்கா ஊக்கான்னு வருது. இவன், வெளையாடக் கூப்பிடுறாருன்னு மேல ஏறி மூஞ்சியெல்லாம் நக்கி வைக்கிறான். அவருக்கு வேர்த்துக் கொட்டும், ஆனா விட மாட்டாரு. பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற அம்மாகிட்ட உம்முன்னு உக்காந்திருக்கிற மனுஷன், இவன்கிட்ட மட்டும் அவ்வளவு பாடுபடுவாரு தம்பி.

கைச்சாடையா? அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஒத்தை விரலைத் தூக்கினாப் போதும், உக்காந்திடுவான். நான்தான் பழக்கினேன். எதுக்குன்னு கேளுங்க. அவரு உக்காருன்னு சொல்றப்ப, முதுகுக்குப் பின்னால நின்னு நான் விரலைத் தூக்குவேன். இவன் என்னைப் பாத்து உக்காருவான். அவரு, தான் சொல்லித்தான் உக்காந்துட்டான்னு நெனச்சுக்குவாரு. அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணுமே! பழைய ஃபோர்மேன் அப்படியே எந்திரிச்சு வந்துட்டாரு. வார்த்தைகூடக் கொஞ்சம் தெளிஞ்சுச்சு, சத்தியமாச் சொல்றேன். நானும் என்னைப் பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை இவன் உக்காந்ததும், பாத்தியாங்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பிட்டாரு. என் விரல் அப்படியே மேல நிக்குது.

திட்டல. முறைக்கக்கூட இல்ல. கையிலிருந்த பிஸ்கட்டை மேஜையில வச்சுட்டுப் போயிட்டாரு. அன்னியிலேர்ந்து வாயே தொறக்கல தம்பி. தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டுறாரு. நான் பக்கத்துல போனா கண்ணை மூடிக்கிறாரு.

நாய் கெடக்குது, விடுங்க. எப்படியாவது அவரை ஒரு வார்த்தை பேச வச்சிட்டுப் போங்க.