முத்தியால்பேட்டையில் நான்கு பெட்டைக் கோழிகளை அறுத்தது சம்பந்தமாக அஞ்சலாட்சி கூறியது

என் பெயர் அஞ்சலாட்சி. வயது இருபத்து மூன்று. கணவர் பெயர் தணிகாசலம், தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். முத்தியால்பேட்டையில் என் மாமியார் கமலவேணி அம்மாள் வீட்டில் குடியிருந்தேன். இப்போது மூலக்குளத்தில் என் தாயார் சின்னப்பாப்பா வீட்டில் இருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும்.

என் மாமியார் மில்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கோழி வளர்த்துப் பழக்கம் இல்லை. சென்ற 1982 பங்குனி மாதம் நான்கு நாட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கித் தோட்டத்தில் கூடு கட்டினார். கூட்டைத் திறந்து விடுவது, தீனி வைப்பது, பெருக்கி அள்ளுவது என் வேலை. முட்டை எடுப்பது மட்டும் அவர் வேலை. என் கணவருக்கு எடுத்து வைத்தது போக மீதி முட்டைகளைத் தெருவில் விற்று வந்தார். அடுத்த வீட்டு ஜெயம் அக்கா வாடிக்கையாக வாங்குவார்.

ஐப்பசி மழை வரையில் கோழிகள் ஒன்று மாற்றி ஒன்று முட்டையிட்டு வந்தன. அதன் பிறகு இறகு உதிர ஆரம்பித்தது. கார்த்திகையில் முட்டை குறைந்து, மார்கழிப் பனியில் அடியோடு நின்றுவிட்டது. பனி முடிந்து புது இறகு முளைத்தால்தான் வைக்கும், எங்கள் ஊர்ப் பக்கமும் இப்படித்தான் என்று என் மாமியாரிடம் சொன்னேன். அதற்கு அவர், “கோழிக்கு மார்கழி வந்தது யாரு சொன்னது? காலைல கூட்டைத் தொறக்கறவ எடுக்கறா, அவ்ளோதான்” என்றார். அதை என் கணவரிடமும் சொன்னார். என் கணவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று முதல் மாமியார் எனக்கு முன்னால் எழுந்து, கூட்டின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்போதும் முட்டை இல்லை. நான் கோழிக்கு ஏதோ கொடுத்துவிட்டேன் என்று பேச்சை மாற்றினார்.

இந்நிலையில் சென்ற சனிக்கிழமை என் தாயாருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததால், ஒரு பையில் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு மூலக்குளம் கிளம்பினேன். தெருக் குழாய் அருகில் என் கணவரும் மாமியாரும் பின்னால் வந்து வழிமறித்தார்கள். என் கணவர், “பையைக் குடு” என்றார். கொடுத்தேன். என் மாமியார் அதைக் குழாயடியில் கவிழ்த்து ஒவ்வொரு துணியாக உதறினார். மாதவிலக்குக்கு நான் வைத்திருந்த துணிகளையும் பிரித்து உதறினார். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களில் சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முட்டை எதுவும் இல்லை. “போன தடவையே தூக்கினு போயிருப்பா” என்று மாமியார் சொல்ல, என் கணவர் எல்லார் எதிரிலும் என்னைக் கன்னத்தில் அடித்து, “திருடி” என்று சொன்னார். நான் ஈரத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஊருக்குப் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. என் கணவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். என் மாமியார் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் நான்கு பெட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அறுத்தேன். சேவலைத் தொடவில்லை. சேவல் பேரில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெயம் அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நான்கின் வயிற்றையும் கீறித் தட்டில் எடுத்து வைத்தேன். முட்டையிடும் கோழியாக இருந்தால் மஞ்சள் கரு பெரியதும் சிறியதுமாகக் கொத்தாக இருக்கும். நான்கிலும் கடுகளவுக்குக் குருணைதான் இருந்தது. சத்தம் கேட்டு வந்த மாமியாரிடம் தட்டை நீட்டி, “பாருங்க அத்தை, எங்க இருக்குது நான் எடுத்த முட்டை” என்று கேட்டேன். அவர் விரலால் குருணையைக் கிளறிப் பார்த்தார். பிறகு, “சரி, கறியை வீணாக்காத, தண்ணி காய வை” என்றார்.

அதன் பிறகு மாமியாரே மசாலா அரைத்துக் குழம்பு வைத்தார். ஜெயம் அக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். என் கணவர் வந்து சாப்பிட்டார். ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. அவர் கை கழுவிய பிறகு, குழாயடியில் எல்லார் எதிரிலும் சொன்ன சொல்லை அதே குழாயடியில் நின்று இல்லை என்று சொல்லும்படி கேட்டேன். “பொட்டச்சி சொல்லி நான் தெருவுல போய் நிக்கணுமா” என்றார். அவர் படுத்துத் தூங்கிய பிறகு பஸ் ஏறித் தாய் வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை, நான் கோழிகளைக் கொன்று நஷ்டம் செய்ததாக மாமியார் புகார் கொடுத்ததன் பேரில் இன்று போலீஸ் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டேன்.

அறுத்த கோழிகள் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு என் மாமியார், சாட்சிக்கு அழைத்து வந்திருந்த ஜெயம் அக்காவைப் பார்த்தார். ஜெயம் அக்கா, தான் எதையும் பார்க்கவில்லை, அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார். நான் அவரிடம், “கொழம்பு எப்பிடிக்கா இருந்துச்சி?” என்று கேட்டேன். “உப்புதான் கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

முட்டைகளை எடுத்தது தவறு, மன்னிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக என் மாமியார் கூறினார். என் கணவரும், “போட்டுட்டு வா, வூட்டுக்குப் போலாம்” என்றார். கோழியை அறுத்தது நான். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம். முட்டையை நான் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். மேற்படி தணிகாசலத்துடன் சேர்ந்து வாழ எனக்கு விருப்பம் இல்லை.

இதுவரை எழுதியதை ஏட்டு அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார். கோழிகளை அறுத்த இடத்தில் “ஆத்திரத்தில் நிதானம் இழந்து” என்று எழுதியிருந்தார். எனக்குச் சாதகமாக இருக்கும் என்று எழுதியதாகச் சொன்னார். அதை அடிக்கச் சொன்னேன். நான் நிதானமாகத்தான் அறுத்தேன். அடித்த பிறகு மறுபடி படிக்கக் கேட்டேன். இப்போது எல்லாம் நான் சொன்னபடி, நடந்தபடி இருக்கிறது.

(ஒப்பம்) சி. அஞ்சலாட்சி
18.1.1983